கயிற்றை ஏன் அங்கே மாட்டினார்?

ஆறாம் வகுப்பில் எனக்குப் பிடிக்காதது கணக்கு இல்லை. பத்தியைப் படித்து விடை எழுதுவதுதான். முழுப் பத்தியையும் கொடுத்துவிட்டுக் கீழே "ஏன்?" என்று கேட்பார்கள். அந்த ஏனையும் பத்திக்காரரே எழுதியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குக் கோபமாக வரும்.

அன்றைய பத்தியில் ஒரு விவசாயி காளையை விற்றுவிட்டு, அதன் கழுத்துக் கயிற்றோடு வீடு திரும்பி, தான் படுக்கும் இடத்துக்கு எதிரே அதை ஆணியில் மாட்டுகிறார். "கயிற்றை ஏன் அங்கே மாட்டினார்? இரண்டு வரிகளில் விடை தருக." நான் மூளையைக் கசக்கவே இல்லை. எங்கள் வீட்டிலும், அப்பா படுக்கும் இடத்துக்கு எதிரே, அப்படி ஒரு கயிறு தொங்கியது. மன்னவனூர்ப் பக்கத்தில் எங்கள் ஊருக்குப் பிக்கப் வண்டி வரத் தொடங்கியதும், பூண்டு மூட்டை சுமந்த மட்டக்குதிரைக்கு வேலை இல்லாமல் போயிற்று. கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரி விடுகிறவர் வீட்டுக்கே வந்து வாங்கிப்போனார். கயிறு மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது.

பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டேன்.

"வித்த உசுரோட கயித்தைக் குடுக்கக் கூடாது தாயி. குடுத்தா வீட்டு லட்சுமியும் கூடப் போயிரும். அதான் வழக்கம். எழுது."

எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில் அடித்துவிட்டார். "வீட்டுக்குக் கொண்டுவந்ததுக்கு வழக்கம் சரி. படுக்கைக்கு எதிர்ல மாட்டுனதுக்கு?" என்று கேட்டு, சரியான விடையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார்.

மார்க் போன ஆத்திரத்தில், அன்று அப்பா சாப்பிடும்போது அதை உரக்க வாசித்தேன். "காளையை மறக்க முடியாததால் விவசாயி கயிற்றைத் தன் கண்ணில் படும்படி மாட்டினார். 'விளக்கை அணைக்கும்வரை அதையே பார்த்திருந்தார்' என்ற வரி இதைக் காட்டுகிறது."

"உங்க அப்பா கதையால்ல இருக்கு" என்று அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"டீச்சர் சொன்னா சரியாத்தேன் இருக்கும்" என்றார்.

மறுநாள் ஆணி வெறுமனே இருந்தது. கயிறு பின்கொட்டகைக்குப் போயிருந்தது. இன்னொரு மாற்றமும் வந்தது. கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வெள்ளனே கிளம்பிக் கடைசி பஸ்ஸில் திரும்புகிறவர், பொழுது சாயுமுன்னே வீட்டுக்கு வரத் தொடங்கினார். அம்மாவுக்குச் சந்தோஷம். அவர் வாங்கிவரும் தேங்காய் பன் சீக்கிரம் கிடைத்ததில் எனக்கும்தான். அந்த விடையை அவர் முன்னால் வாசிக்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது பன் இனித்தது.

சில மாதம் கழித்துப் பள்ளியிலிருந்து ஏரிக்கு அழைத்துப்போனார்கள். சிவப்புச் சேணத்தோடு எங்கள் குதிரை நின்றது. வாங்கிப்போனவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"பூண்டுக்காரர் மகதானே பாப்பா? ஞாயித்துக்கிழமையானா உங்கப்பா வந்து, சாயங்காலம் வரைக்கும் இதுகிட்டயே நிப்பாரே. இப்பல்லாம் ஏன் வர்றதில்ல?"

"சந்தையில சோலி அதிகம் மாமா" என்றேன்.

டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி, கேட்டதற்கு நேராக ஒரே வரியில் விடை சொல்லிவிட்ட திருப்தியோடு, படகு பார்க்க ஓடினேன்.