தெருப்பக்கம் சாய்ந்த தண்ணீர்

என் ஓரகத்தி தண்ணீர் குடிப்பதற்கு முன் டம்ளரைத் தரையில் வைப்பாள். தளும்பத் தளும்ப ஊற்றி, குனிந்து, தண்ணீர் எந்தப் பக்கத்து விளிம்பை முட்டுகிறது என்று பார்த்த பிறகுதான் எடுத்துக் குடிப்பாள். நான் மருமகளாக வந்த புதிதில் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, நானும் டம்ளர் முன்னால் குனிந்து கும்பிட்டேன். அதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிப்பாள். தெருவில் அவளுக்கு டம்ளரக்கா என்றுதான் பெயர்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆறு வளைகிறது. வளைவின் வெளிப்பக்கம் எங்களுடையது. ஓடி வருகிற தண்ணீர் எங்கள் கரையில் மோதி அரிக்கும். எதிர்க்கரையில் வேகம் குறைந்து, சுமந்து வந்ததை இறக்கி வைத்துவிட்டுப் போகும். அதனால் இங்கே குறையக் குறைய அங்கே மண்மேடு வளர்ந்தது. பக்கத்து வீட்டுக் கிணற்றைச் சுற்றியிருந்த மண்ணெல்லாம் கரைந்து போய், கிணற்றின் உறை மட்டும் ஆற்றுக்குள் தனியாகக் கொஞ்ச நாள் நின்றது. ஆழமாக இருந்தது உயரமாகிவிட்டது. அந்தப் பக்கம் பார்க்காமலேதான் நான் துணி காயப் போடுவேன்.

எங்கள் தெருவில் வீடுகள் நடக்கும். ஆறு நெருங்குவதற்குள் கடைசி அறையைப் பிரித்து, அதே செங்கல்லை முன்னால் கொண்டுவந்து புது அறை கட்டிக்கொள்வோம். நான் கல்யாணமாகி வந்தபோது தெருவைப் பார்த்திருந்த அறை, பிறகு நடு அறையானது, பிறகு கடைசி அறையானது. "கொஞ்ச நாள் போனா உங்க வீடே போஸ்ட் ஆபீசுக்கு வந்துரும், நான் லீவு போட்டுக்குவேன்" என்று தபால்காரர் கிண்டல் செய்வார்.

எப்போது பிரிப்பது என்று சொல்வது அக்காதான். தரை ஆற்றுப் பக்கம் இறங்கினால் டம்ளர் காட்டிவிடும். "தம்பி, கரண்டிய எடு" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்வாள். அவர் கொத்தனார். எங்கள் வீட்டில் முதல் செங்கல்லைப் பெயர்க்கும் சத்தம் கேட்டால் தெருவே கடப்பாரையோடு இறங்கும். அவள் வாக்கு தப்பியதில்லை.

அக்காவின் புருஷன், என் வீட்டுக்காரருடைய அண்ணன், கல்யாணமான சில வருஷத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய சட்டையைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்துத்தான் அவள் தைக்கக் கற்றுக்கொண்டாள். கடைசி அறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டுப் பள்ளிக்கூடச் சட்டையும் கோட்டும் குழந்தைச் சட்டையும் தைப்பாள். நான் பொத்தான்களை அளவு பார்த்துப் பிரித்துக் கட்டுவேன். ஆற்றில் பட்ட வெயில் கூரையின் அடியில் நெளியும். பேச்சு நின்றால் மண் விழுகிற சத்தம் கேட்கும். தொப். கொஞ்ச நேரம் ஒன்றுமிருக்காது. மறுபடி தொப். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், பேச்சும் வராது. அவள் என்னை வாயாடி என்றே கூப்பிடுவாள்.

அந்த வருஷம் பெருமழை விட்டு ஆறு வடிந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஆற்றுப் பக்கம் சாய்ந்ததால் மெஷினை முன்னறைக்கு நகர்த்தி, வீட்டைப் பிரிக்கத் தயாராக இருந்தோம். அன்று காலை அக்கா டம்ளரை வைத்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. இடம் மாற்றி வைத்தாள். எங்கே வைத்தாலும் தண்ணீர் தெருப்பக்கம் சாய்ந்தது.

"ஆறு விட்டுருச்சுடி. கொஞ்சம் கூட அந்தப் பக்கம் போகல பாரு."

செய்தி வீடு வீடாகப் போனது. கடப்பாரைகள் மூலைக்குத் திரும்பின. என் வீட்டுக்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அக்காவும் நானும் மெஷினை மறுபடி கடைசி அறைக்கே தூக்கிக்கொண்டு போனோம்.

எனக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. வாசல் கதவு தரையில் உரசியது. தெருவுக்கு ஏற நேற்றைவிடக் காலை உயரத் தூக்க வேண்டியிருந்தது. மண் விழுகிற சத்தமும் நின்றுவிட்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அது நின்று நான் கேட்டதில்லை. மறுநாள் வெயில் ஏறிய பிறகு வாசலைக் கழுவினேன். ஊற்றிய தண்ணீர் படியோரம் நூல் மாதிரி இருந்த வெடிப்புக்குள் இறங்கியது. வாளி முழுக்க இறங்கியது. தேங்கவில்லை.

உள்ளே போய் நின்றேன்.

"அக்கா."

"என்ன வாயாடி, அதிசயமா கூப்பிடுற?"

"வாசல்ல தண்ணி ஊத்தினேன்."

"ஊத்தினா காயும்."

"காயல. உள்ள போயிருச்சு. ஒரு வாளி."

மெஷின் சக்கரத்தை உள்ளங்கையால் பிடித்து நிறுத்தினாள். வாசலுக்கு வந்து, இன்னொரு வாளி கொண்டுவரச் சொல்லித் தானே ஊற்றினாள். வெடிப்பு சத்தமில்லாமல் குடித்தது. நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து, வீட்டுக்குப் பின்னால், எங்கோ கீழே, தண்ணீர் ஆற்றில் ஒழுகுகிற சத்தம் கேட்டது.

அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"கரை நமக்குப் பின்னாடி இல்லடி. இந்த வெடிப்புதான் கரை. வீடு, தரை எல்லாம் ஒரே கட்டியா இறங்கிட்டு இருக்கு. நாற்காலில வழுக்கி இறங்குறவனுக்குக் காலு முன்னாடி போகும், முதுகு பின்னாடி சாயும்ல? நம்ம காலு ஆத்துக்குள்ள போகுது. அதான் தண்ணி தெருப்பக்கம் சாயுது."

"மெஷின்?"

"மெஷின் கிடக்கட்டும். நான் சொல்லித்தான எல்லாரும் உள்ள உக்காந்திருக்காங்க."

வாசல் படியில் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் மறு கோடியிலிருந்து தட்டிக்கொண்டு வந்தேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எலக்ட்ரீசியன் வீட்டில் கதவைத் திறந்தவர் அசையவில்லை.

"நேத்து நீங்கதானக்கா ஒண்ணும் ஆகாதுன்னீங்க? ராத்திரி வேலை முடிச்சு இப்பதான் படுத்தேன்."

"நேத்து சொன்னது தப்பு. எழுந்து வா. வந்து வெளிய நின்னு என்னைத் திட்டு, வாங்கிக்கறேன்."

திட்டிக்கொண்டேதான் வந்தார். அவர் அம்மாவைக் கட்டிலோடு தூக்கி வந்தோம். எல்லாரும் தெருவின் எதிர்ப்புறம் நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒருத்தர் சிரிக்கக்கூடச் செய்தார். அப்போது கூரைகள் எங்களைப் பார்த்து மெல்லச் சாய்ந்தன. எல்லா வீடும் ஒன்றாக. பெரிய சத்தமில்லை. உட்காருகிறவர்கள் மாதிரி இறங்கின. கதவுகள் மூடியபடி இருந்தன, கொடியில் என் புடவை காய்ந்துகொண்டிருந்தது. வெடிப்பு வாயைத் திறந்தது. பிறகு வீடுகள் இருந்த இடத்தில் எதிர்க்கரை தெரிந்தது. அதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தண்ணீர் வற்றியதும் அக்காவுக்கு எதிர்க்கரைக்குப் போக வேண்டும் என்று தோன்றியது. படகில் கூட்டிப் போனேன். மண்மேட்டின் தலைப்பில், ஆறு வந்து முட்டுகிற முனையில், உடைசெங்கல் ஒதுங்கியிருந்தது. அதைத் தாண்டிச் சரளை, அப்புறம் மணல், கடைசியில் விரல் பட்டால் வழுக்குகிற வண்டல். வேகம் குறையக் குறைய ஆறு கனமானதை முதலில் போட்டுவிட்டு, லேசானதைத் தூரம் கொண்டு போயிருந்தது. மணலில் எங்கள் பொத்தான்கள் கிடந்தன. கோட்டுப் பொத்தான்கள் முதலில், கொஞ்சம் தள்ளிச் சட்டைப் பொத்தான்கள், அதற்கும் அப்பால் குழந்தைச் சட்டைக்குப் போடுகிற பொடிசுகள். யாரோ உட்கார்ந்து பிரித்து வைத்த மாதிரி இருந்தது. சுற்றிலும் எங்கள் காலடித் தடம் மட்டும்தான்.

"உன்னைவிட நல்லாப் பிரிக்குதுடி" என்றாள் அக்கா. சிரிக்கவில்லை. ஒன்றையும் எடுக்கவிடவில்லை. மெஷினைத் தேடினோம், கிடைக்கவில்லை. அந்தக் கனத்தை ஆறு கொண்டு வராது. விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

இப்போது ஆறு தார்ச்சாலையின் ஓரத்தில் ஓடுகிறது. எதிர்க்கரைக்காரர் எங்கள் மண்ணில் வெள்ளரி போட்டிருக்கிறார். நாங்கள் சைக்கிள் கடை மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். அக்கா இரவல் மெஷினில் தைக்கிறாள். யாரும் அவளிடம் வாக்குக் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. டம்ளரைத் தரையில் வைப்பதை விட்டுவிட்டாள். அவள் குடித்து முடித்த பிறகு நான் வைத்துப் பார்க்கிறேன். கீழே கடை வாசலிலும் தினம் ஒரு வாளி ஊற்றுகிறேன். இதுவரை தேங்குகிறது.