குட்டை நிறைய விரல் நீள மீன்

அந்த ஆளை ‘அவர்’ என்று எழுத இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை. வயதில் என் அப்பாவுக்கு மூத்தவன். ராயபுரத்தில் விறகுத் தொட்டி வைத்து விறகு விற்றுக்கொண்டிருந்தான். சடையங்குப்பத்தில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் இருந்த பெரிய குட்டையை ஐம்பதுகளின் நடுவில் அவன் குத்தகைக்கு எடுத்தான்.

அதற்கு முன் அந்தக் குட்டை யாருக்கும் சொந்தம் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. ஐப்பசி மழையில் ஆறு பெருகி எங்கள் வாசல்வரை வரும். வடியும்போது விரால், கெளுத்தி, குறவை எல்லாவற்றையும் குட்டையில் விட்டுவிட்டுப் போகும். கோடையில் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியதும் பெண்கள் கூடையோடு இறங்குவார்கள். என் அம்மா சேற்றில் கையை விட்டுத் துழாவியே கெளுத்தி பிடிப்பாள். முள் குத்திக் குத்தி அவள் விரல்களெல்லாம் தழும்பு. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். வேலை கிடைக்காத நாளில் வீட்டுக் குழம்பு அந்தக் குட்டையிலிருந்துதான் வந்தது. ஒரே மகளான நான் அப்போது திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

குத்தகைக்காரன் முதலில் வலைக்காரர்களைக் கூட்டி வந்து குட்டையிலிருந்த விராலை எல்லாம் வாரினான். “விராலு குஞ்சையெல்லாம் துன்னுடும்” என்றான். பிறகு மண்ணெண்ணெய் டின்களில் தண்ணீரோடு புது மீன் வந்தது. சாம்பல் நிறம், முதுகில் முள்வரிசை. சிலோனிலிருந்து வந்த ஜாதி என்றார்கள். இன்று எல்லாரும் ஜிலேபி என்று சொல்லும் மீன்தான் அது. அன்று எங்களுக்குப் பேர் தெரியாது.

“ஒண்ணொண்ணும் மொறம் சைசுக்கு வரும். எவளாவது கைய வெச்சீங்க, ஒடச்சிடுவேன்” என்று சொல்லி, கரையில் ஒரு காவல்காரனைக் கம்போடு உட்கார வைத்தான்.

முதல் வருஷம் நல்ல பெரிய மீனாகவே கிடைத்தது. வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு போனான். ஐப்பசியில் ஆறு கொண்டுவரும் விராலையும் வருஷா வருஷம் வலை போட்டு வாரிவிடுவான். அடுத்த கோடையில் குட்டை உலை கொதிப்பதுபோல் துள்ளியது. கரையோரச் சேற்றில் ஆண் மீன்கள் தட்டு தட்டாகக் குழி பறித்து, ஒன்றையொன்று முட்டித் துரத்திக்கொண்டிருந்தன. குழியை ஒட்டிக் குழி, நடுவில் இடமே இல்லை. நிழல் விழுந்தால் குஞ்சுகள் கூட்டமாகத் தாயின் வாய்க்குள் ஓடி ஒளிந்தன. வலையை இழுத்தால் வந்ததெல்லாம் விரல் நீளம். பெரிய தலை, ஒட்டிய உடம்பு. கரையிலும் கல்லிலும் இருந்த பாசியைச் சுத்தமாக மேய்ந்திருந்தன. அம்மாவின் கெளுத்தியைக் காணவே இல்லை.

“வளரட்டும், வுடு” என்றான் அவன். போதாததற்கு இன்னும் சில டின் மீனைக் கொண்டுவந்து கொட்டினான். அதற்கடுத்த கோடையிலும் விரல் நீளம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வள்ளைக்கீரை பறிக்கக் கரைக்குப் போனாள். கீரைக்கு அடியில் ஒரு கை மீனையும் அள்ளிப் போட்டு, முந்தானையிலும் கொஞ்சம் முடிந்துகொண்டாள். இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. காவல்காரன் கூடையைப் பிடுங்கினான். குத்தகைக்காரனும் அங்கேதான் நின்றிருந்தான். சத்தம் கேட்டு நான் ஓடியபோது கூடை கவிழ்ந்து கிடந்தது, கீரையை அவன் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டிருந்தான்.

“பெருசெல்லாம் எங்கடி போச்சு? எல்லாத்தையும் வாரித் துன்னுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிற!”

“பெருசு இருந்தாத்தானே நைனா துன்றதுக்கு” என்றாள் அம்மா.

அந்த ஒரு பதிலுக்காக அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள். அப்பாவும் நானும் கெஞ்சிக் கூத்தாடி, பொழுது சாயும் நேரத்தில்தான் கூட்டி வந்தோம். அதுவரை அவளைத் தரையில் உட்கார வைத்து, வருகிறவன் போகிறவனெல்லாம் ‘மீன் திருடி’ என்று சொல்லிச் சிரித்திருக்கிறான்.  வீட்டுக்கு வந்தபோது அவள் முந்தானை முடிச்சில் ஏழெட்டு மீன் மிச்சமிருந்தது. அதை அவிழ்த்து என் முன்னால் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் கழுவ உட்கார்ந்தேன். முதல் மீனின் வயிற்றைக் கீறியதும் மஞ்சளாக முட்டை வழிந்தது. விரல் நீள மீனுக்குச் சினை! அடுத்ததைக் கீறினேன். அதிலும் முட்டை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நாங்களெல்லாம் குஞ்சு குஞ்சு என்று சொல்லிக்கொண்டிருந்தது குஞ்சே இல்லை. தின்ன ஒன்றும் கிடைக்காமல் வளர்த்தி நின்றுபோய், அந்த உடம்பிலேயே முட்டை வைக்கிற முழு மீன். பெரிய மீன் என்று ஒன்று இருந்தால்தானே என் அம்மா திருட?

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. குட்டையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரையில் கிடந்த மீன் ஒன்றை எடுத்து நகத்தால் கீறி அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“இத்தப் பாருய்யா. வயித்துல முட்டை கீது. இது குஞ்சு இல்ல, கெழவி. நீ கொட்டினதுல ஒண்ணுக்கும் தீனி பத்தல. அள்ளி அள்ளி வெளிய போட்டாத்தான் மிச்சம் வளரும். துன்ற விராலையும் புடிச்சிட்ட, புடிக்கிற எங்களையும் தொரத்திட்ட. எங்கம்மாவ எதுக்குய்யா திருடின்னு சொன்ன?”

அவன் மீனைப் பார்க்கக்கூட இல்லை. வலைக்காரர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தான். “எல்லாம் இந்தக் குப்பத்து ஜனம் மாதிரிதான்டா. துன்றதுக்கு வழி இல்ல, பெத்துப் போடறது மட்டும் நிக்கல.”

என் அம்மா பெற்றது ஐந்து. மிஞ்சியது நானும் என் தம்பியும். நாங்கள் புளியந்தோப்பில் குடியிருந்த காலத்தில் மற்ற மூன்றையும் மூலக்கொத்தளம் இடுகாட்டில் புதைத்துவிட்டு வந்தவள் அவள். கையிலிருந்த மீனை அவன் முகத்திலேயே விட்டெறிந்தேன். முட்டை அவன் வெள்ளைச் சட்டையில் வழிந்தது.

அவன் கையை ஓங்கினான். அதற்குள் பின்னாலிருந்து எங்கள் வரிசைப் பெண்கள் வந்துவிட்டார்கள். “தொட்றா பாக்கலாம்” என்று பக்கத்து வீட்டு அக்கா முன்னால் வந்து நின்றாள். அடுத்து நடந்ததை யாரும் யோசித்துச் செய்யவில்லை. ஒருத்தி தண்ணீரில் இறங்கினாள், பிறகு எல்லாரும் இறங்கினோம். கூடை, குண்டான், பழைய புடவை, எது கிடைத்ததோ அதில் அள்ளினோம். காவல்காரன் கம்பைக் கீழே போட்டுவிட்டு நின்றான். தெரு முழுக்க மீன் காய்ந்து ஒரு வாரம் நாறியது. போலீஸ்காரர்கள் வந்தார்கள். எத்தனை பேரைத்தான் பிடிப்பது என்று திட்டிவிட்டுப் போனார்கள். லாபம் இல்லாத குட்டைக்கு அவன் அப்புறம் வரவே இல்லை.

அந்த ஐப்பசியில் ஆறு மறுபடி விராலைக் கொண்டுவந்தது. நாங்கள் அள்ளியதும் விரால் தின்றதும் போக மிஞ்சிய ஜிலேபி, மறு கோடையில் உள்ளங்கையை விடப் பெரிதாக வளர்ந்திருந்தது. கெளுத்தி மட்டும் பழையபடி வரவில்லை. வெகுகாலம் கழித்து, மீன்களைப் பற்றிப் படித்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். நெருக்கத்தில் அந்த மீன் அப்படித்தான் குறுகிப்போகும், அது தெரிந்த விஷயம்தானே என்றார் சாதாரணமாக. யாருக்குத் தெரிந்த விஷயம்? எங்கள் குட்டையில் கொட்டும்போது ஒருத்தரும் வந்து எங்களிடம் சொல்லவில்லையே.

அம்மா அதன் பிறகு குட்டையில் இறங்கவில்லை. ஊரே மீன் பிடித்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள் இருப்பாள். கூப்பிட்டால், “நீ போடி, எனக்கு வேல கீது” என்பாள். அவளுக்கு ஒரு வேலையும் இருக்காது. அவன் விறகுத் தொட்டி கடைசிவரை நன்றாகத்தான் நடந்தது. அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு கல்லை எடுத்து எறியவேண்டும்போல் இருக்கும்.