சினாப்ஸையும் சினாப்சிஸையும் முருகன் பிரித்துக் கொடுத்தான்

பிளஸ் டூ வந்த புதிதில் உயிரியலில் இரண்டு முறை தவறியவள் நான். எல்லாம் பெயர்கள் செய்த வேலை. நரம்பில் சினாப்ஸ், செல் பகுப்பில் சினாப்சிஸ். போதாததற்கு அந்தச் செல் பகுப்பிலேயே மைட்டாசிஸ், மியாசிஸ் என்று இரண்டு வகை. வீட்டில் படித்தால் புரியும். கேள்வித்தாளைப் பார்த்தால் நரம்புக்குக் குரோமோசோம் கதையை எழுதிவிட்டு வருவேன். சே! நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட நான் பாஸாக வேண்டும்.

நைனா கறாராகச் சொல்லிவிட்டார். "வாலாஜாபாத்துலேர்ந்து ஜாதகம் வந்துகீது. இந்த தபாவும் கோட் அடிச்சினா, கழுத்த நீட்டணும். இன்னா?"

புத்தகத்தை எறிந்தேன். அழுதேன். திரும்ப எடுத்துப் படித்தேன். மறுபடி குழம்பியது.

எண்பத்தொன்றில் பங்குனி உத்திரம் பரீட்சை சமயத்தில் வந்தது. பெருநகர் என்னும் ஊரின் கோயிலில் முருகனோடு சண்டையே போட்டேன். "ரெண்டு பொண்டாட்டிய கட்டிக்கினு நீ மட்டும் குழம்பாம கீற. என்ன ஏன் இப்படிப் பாடாப் படுத்தற?"

குருக்கள் விபூதியை வழக்கம்போல் உயரத்திலிருந்து என் உள்ளங்கையில் போட்டார். இருந்த எரிச்சலில் வெடித்துவிட்டேன். "கொஞ்சம் கிட்ட வந்து குடுத்தா இன்னா சாமி?"

"தொடப்படாதும்மா. தொடாமலே வந்து சேர்ந்துடுத்தோன்னோ?" என்றார்.

கோபத்தோடு கையைப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது. நரம்பும் நரம்பும் தொடுவதில்லையே! நடுவில் இடைவெளி. ஒன்று சுரக்கும் ரசாயனம் அதைத் தாண்டி மற்றதைச் சேர்கிறது. இதுதானே சினாப்ஸ்!

திரும்பினால் கல்யாண மேடை. முருகனையும் வள்ளியையும் ஒட்டி உட்காரவைத்து வஸ்திரத்தை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தாய்வழிக் குரோமோசோமும் தகப்பன்வழிக் குரோமோசோமும் இப்படித்தான் ஜோடி சேர்கின்றன. அதுவே சினாப்சிஸ். மியாசிஸில்தான் இந்தக் கல்யாணம். மைட்டாசிஸில் கிடையாது. "முருகா!" என்று கத்தியே விட்டேன். கூட்டம் என்னைப் பக்தி முற்றியவள் என்று நினைத்திருக்கும்.

பரீட்சையில் அந்த வேறுபாட்டையே கேட்டிருந்தார்கள். மடமடவென்று எழுதினேன். பாஸ்!

நைனா "ஜாதகத்த திருப்பிக் குடுத்துட்டு வரேன்" என்று சட்டையை மாட்டினார். இன்று நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

அன்பர்களே, நான் உருகி வேண்டவில்லை, திட்டினேன். அதற்கே அவன் இரங்கினான். மனசு வெந்துபோயிருந்தால் வீட்டிலேயே புழுங்காதீர்கள். அவன் முன்னால் போய் நின்று கொட்டுங்கள். கோபித்துக்கொண்டு போகிற சாமி இல்லை அவன்.