வழவழப்புக்குப் பட்டா

உட்கார மாட்டாள். கணினியில் பொட்டலம் கட்டும் வேலை ஓடி முடியும்வரை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, இடுப்பில் கைவைத்துத் திரையை முறைத்துக்கொண்டு நிற்பாள். "அடுப்புல பாலை வெச்சுட்டு யாராச்சும் உட்காருவாங்களா?" என்பாள். பிழை என்று சிவப்பில் ஒரு வரி வந்தால், "வந்துட்டியா மகராசா!" என்று வரவேற்பாள்.

வீட்டில் அவளுக்குப் பெயர் பொட்டலக்காரி. வைத்தவர் மாமியார். யார் வேண்டுமானாலும் எடுத்து, பிறருக்கும் கொடுக்கக்கூடிய கட்டற்ற மென்பொருள்களைத் தொகுத்து ஒரு நிறுவனம் வெளியிடுகிறது. அதில், திரையெழுத்தின் விளிம்பை வழவழவென்று காட்டும் மென்பொருளைச் சீர்பார்த்து, எந்தக் கணினியிலும் அப்படியே நிறுவிக்கொள்ளும்படி பொட்டலமாக்கித் தருவது இவள். சம்பளமில்லை. சோறு போடுவது நூலகக் கணினிப் பிரிவு வேலை. அங்குள்ள பழைய கணினிகளிலும் அதே தொகுப்புதான். அச்சகத்தில் பிழை திருத்தியே கண்ணைத் தேய்த்துக்கொண்ட மாமியார், தினமும் அங்கே வந்துதான் செய்தி படிக்கிறார்.

ஒரு மதியம் அந்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். எழுத்தை வழவழப்பாக்கும் முறை தன் காப்புரிமை என்று மிரட்டிக்கொண்டிருந்த பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆகிவிட்டதாம். விலை கொடுத்து வாங்குபவர்களின் பதிப்பில் அந்த முறை இருக்கும். இலவசப் பதிப்பிலிருந்து வெட்டிவிட வேண்டும். வெட்ட வேண்டியவள் இவள்.

"நாம திருடினோம்னு எந்தக் கோர்ட்டு சொல்லிச்சு?"

"கோர்ட்டுக்கே போகலை அக்கா. போனா நம்மளால தாங்க முடியாது."

"அப்போ திருடாமலே திருட்டுப் பட்டத்தை வாங்கிக் கழுத்துல மாட்டிட்டு வந்திருக்கீங்க. இதையே காட்டி நாளைக்கு அடுத்தவன் கதவைத் தட்டுவானே, 'அவங்களே ஒத்துக்கிட்டாங்க, உனக்கென்ன'ன்னு?"

"நீங்க பயப்பட வேண்டாம் அக்கா. உங்களை மாதிரி தொண்டர்கள் மேல மட்டும் வழக்கு வராதுன்னு எழுதி வாங்கிட்டோம்."

அதுதான் அவளைக் கொளுத்திவிட்டது. "எனக்குக் குடை, என்கிட்டேருந்து எடுத்து நாலு பேருக்குக் கொடுக்கிறவன் தலையில இடியா? பரிமாறின கையாலேயே தட்டுலேருந்து பிடுங்கச் சொல்றீங்க. இந்தக் கை அதைச் செய்யாது."

பொறுப்பை அன்றே விட்டாள். வெட்டுவதற்கு வேறொரு கை கிடைத்தது. அடுத்த புதுப்பிப்பில் நூலகத் திரைகளில் எழுத்துகள் எலி கொறித்தவைபோல் வந்து நின்றன. மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். குற்றம் கண்ணாடி மேல் இல்லை என்று மருமகள் விளக்கியதும், "எழுத்தோட வழவழப்புக்குக்கூடப் பட்டா வாங்கிட்டானா? நாளைக்கு அரைப்புள்ளிக்கு வாடகை கேப்பான்!" என்றார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் முழுக்க இவள் பாத்திரம் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டது.

நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல், தொண்டர்கள் மட்டுமே நடத்தும் இன்னொரு தொகுப்பு இருந்தது. நூலகத் தலைவியோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கி, ஒவ்வொரு கணினியாக அதற்கு மாற்றினாள். தன் பொட்டலத்தையும், ஒரு வரிகூட வெட்டாமல், அங்கே சேர்க்கக் கிளம்பினாள். செய்தி எட்டி ஒருங்கிணைப்பாளர் மறுபடி அழைத்தார்.

"அக்கா, அங்கே உங்களைக் காப்பாத்த ஆளே கிடையாது. அந்தப் பெரிய கம்பெனி வக்கீலுங்க சும்மா விடமாட்டாங்க. புனைபெயராவது போட்டுக்கோங்க. அங்கே நிறையப் பேர் அப்படித்தான்."

"வெச்சிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்தாள்.

'பொறுப்பாளர் பெயர்' என்றிருந்த கட்டத்தில், தந்தையின் முதலெழுத்தோடு தன் முழுப்பெயரை அடித்தாள். யாரும் கேட்காமலே அதன் கீழே தெருவின் பெயரையும் வீட்டுக் கதவு எண்ணையும் அடித்தாள். பிறகு, அனுப்பும் விசையை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.