இடம் மாறிய பிரேக்

என் தாய்மாமாவுக்கு அச்சில் வந்ததெல்லாம் வேதவாக்கு. அதிலும் இங்கிலீஷில், வழவழப்பான தாளில், கலர் படத்தோடு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஓசூரில் எங்கள் லைன் வீட்டுக்கு எதிரே குடியிருந்த எஞ்சினியர் காலி செய்தபோது, ஒரு கட்டு வெளிநாட்டு சைக்கிள் பத்திரிகைகளை விட்டுப் போனார். அது மாமாவின் கைக்கு வந்தது. அப்போது எங்களோடு தங்கியிருந்த அவருக்குக் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து மூன்று மாதம். மாதக் கடைசிக்குள் வேலை தேடிக்கொள்ளாவிட்டால் விருதுநகருக்கே பஸ் ஏற்றிவிடுவேன் என்று அப்பா கெடு வைத்திருந்தார். மாமா காலையில் வேலை தேடிப் போவார். மதியம் வந்து டிக்‌ஷனரியும் கையுமாகப் பத்திரிகையில் மூழ்கிவிடுவார்.

சும்மா சொல்லக் கூடாது, பத்திரிகை முதலில் நல்லதுதான் செய்தது. சைக்கிள் சீட்டை இரண்டு விரல் உயர்த்தச் சொன்னது; அம்மாவின் முழங்கால் வலி குறைந்தது. அந்த சைக்கிளில்தான் அம்மா தினமும் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போவாள். அதற்குப் பிறகு நானும் மாமாவின் கட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு படத்தைக் காட்டினார். அதில் முன்சக்கர பிரேக் இடது கைக்கு இருந்தது. எங்கள் சைக்கிளில் வலது கைக்கு.

“பாத்தியா, நம்மாளுக மாத்தி மாட்டிருக்கானுக” என்றவர், இரண்டு பிரேக் கம்பிகளையும் கழற்றி இடம் மாற்றினார். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது, ஒன்பது வயது நான். அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது, அவளே ஓட்டிப் பார்த்து அசரட்டும் என்றார். ரகசியம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை அம்மா கிளம்பிய சத்தம் கேட்டது. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கை அப்படியே நின்றது. எங்கள் தெருமுனையில் ஒரு இறக்கம் உண்டு. அது போய்ச் சேரும் இடம், பெங்களூர் லாரிகள் பறக்கும் ரோடு. போன மாதம் எனக்கு சைக்கிள் கற்றுக் கொடுத்தபோது அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது: “எறக்கத்துல எடது கைய மட்டும் புடி. வலது கையப் புடிச்சேன்னு வையி, முன்சக்கரம் நின்னு தலகுப்புறத் தூக்கிப் போட்டுரும்.”

நுரை வழியும் வாயோடு ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. அம்மா பாதி இறக்கத்தில் இருந்தாள். எதிரே ரோட்டில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது.

“அம்மா! எடது கையப் புடிக்காதம்மா!”

காதில் விழவில்லை. ரோட்டை நெருங்கும்போது லாரியைப் பார்த்த அம்மா, எப்போதும் பிடிக்கும் கையையே இறுகப் பிடித்தாள். பின்சக்கரம் மேலே கிளம்பியது. அம்மா ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் விழுந்தாள். டிபன் பாக்ஸ் ரோட்டுக்கு உருண்டு லாரியின் டயரில் நசுங்கியது. அம்மாவின் தலைக்கும் ரோட்டின் விளிம்புக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

தாடையில் ரத்தம் ஒழுக எழுந்து உட்கார்ந்தாள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். மாமா கம்பியை மாற்றியதையும், ஸ்பேனர் நான் கொடுத்ததையும். அம்மா சைக்கிளை நிமிர்த்தி, ஒவ்வொரு பிரேக்காக ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

“நாய் குறுக்க வந்துருச்சு. யாரு கேட்டாலும் அதத்தான் சொல்லணும், என்ன?”

தாடையில் மூன்று தையல். அன்று மாலை அப்பா, “பிரேக் புடிக்கலையா?” என்று கேட்டார். மூலையில் மாமாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

“அதெல்லாம் நல்லாத்தான் புடிச்சுச்சு. நாய்தான்” என்றாள் அம்மா. மாமா நிம்மதியாக மூச்சு விட்டார். நானும்தான். அப்பாவின் பெல்ட்டிலிருந்து என்னைக் காப்பாற்றிய அம்மாவை அன்று இரவு முழுக்கக் கட்டிக்கொண்டு தூங்கினேன்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது மாமாவுக்கு வேலை கிடைத்தது. பக்கத்துத் தெருவிலேயே தனி வீடு பார்த்துக்கொண்டார். ஞாயிறுதோறும் சாப்பிட வருவார். வந்ததும் அம்மாவின் சைக்கிள் பிரேக்கை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார்.

ஒன்பதாம் வகுப்பில் அந்த சைக்கிள் எனக்கு வந்தது. இறக்கத்தின் உச்சியில் அம்மா ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினாள்.

“இந்த வண்டியில மட்டும், எறக்கத்துல வலது கையப் புடி.”

மாற்றி மாட்டப் பத்து நிமிஷம் போதும். மாமா ஞாயிறுதோறும் அழுத்திப் பார்த்துத் தலையாட்டட்டும் என்று ஐந்து வருஷம் அப்படியே ஓட்டியிருக்கிறாள். நாய் வந்தது எனக்காகத்தான் என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.