வளைவில் நிற்காத வண்டிகள்

அடுக்கம் என்ற மலையூருக்குக் கீழே ஒரு வளைவில் ஜோதிமணி டீக்கடை வைத்திருந்தாள். மலை ஜீப்புகள் அதற்குக் கீழே இறங்கக் கூடாது, பெரியகுளத்து வேன்கள் அதற்கு மேலே ஏறக் கூடாது என்று இரண்டு வண்டிச் சங்கங்களுக்கும் பழைய ஒப்பந்தம். கழுதைகள் சுமந்த காலத்தில் பேசியது. கழுதைகள் போய் ஜீப் வந்த பிறகும் அதை யாரும் மாற்றவில்லை. மேலிருந்து வரும் பழமும் காயும், கீழிருந்து வரும் அரிசியும் அந்த வளைவில் இறங்கி வண்டி மாறும். மாறும்வரை டிரைவர்கள் டீ குடிப்பார்கள். அவள் பிழைப்பு அதுதான்.

வண்டி மாறாமல் சரக்கு நேரே போகும்படி ஒப்பந்தத்தை மாற்றச் சொல்லி வியாபாரிகள் நெருக்கினார்கள். மலைச் சங்கத் தலைவர் அழகுமலை பேச்சுக்குக் கீழே போகமாட்டேன் என்றார். கீழ்ச் சங்கத் தலைவர் ஞானவேல் மேலே வரமாட்டேன் என்றார். ஆகவே கூட்டம் ஜோதிமணியின் கடை பெஞ்சில் நடந்தது. பேச்சு முட்டி நின்றபோது அழகுமலை அவள் பக்கம் திரும்பினார்.

"நீ தெனமும் பாக்குறவ. சொல்லுத்தா."

"நேரா போறதுதாங்க நல்லது. எறக்கி ஏத்துறதுல பட்டர் ஃப்ரூட் பூரா நசுங்கிப்போகுது."

கையெழுத்தானது. தங்கை சுகன்யா தலையில் அடித்துக்கொண்டாள். "யக்கா, ஒன் பொழப்புல நீயே மண்ணள்ளிப் போட்டுட்டயே!"

"கேட்டாக. உள்ளதச் சொன்னேன்."

மறுநாள் வெள்ளனே பாலைக் காய்ச்சினாள். வண்டிகள் ஹாரன் அடித்தன. டிரைவர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள். பாலில் ஆடை படிந்தது. நாலைந்து நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாள். பிறகு, டிரைவர்கள் நிற்கும் இடம்தானே கடைக்கு இடம் என்று, பெரியகுளம் சந்தைக்குப் போவதென முடிவு செய்தாள்.

அடுப்பையும் பெஞ்சையும் ஏற்றப் போனால், ஜீப் டிரைவர் வேலுமணி தயங்கினான். "வெளச்சலும் பலசரக்கும் மட்டுந்தான்னு புது ஒப்பந்தத்துல போட்டிருக்குக்கா. அடுப்ப ஏத்துனா கீழச் சங்கத்துக்காரக புடிச்சுக்குவாக."

திருத்துவதற்கு இரண்டு தலைவர்களும் கூட வேண்டும். கூடுவதற்குப் பொது இடம் வேண்டும். மறுபடி அதே பெஞ்சு. கட்டி வைத்த அடுப்பை அவிழ்த்து அவள் டீ போட்டாள். 'டீக்கடைச் சாமான்களும்' என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

"இதுக்குப் போயி எங்கள இம்புட்டு தூரம் இழுத்துட்டயேம்மா" என்றார் ஞானவேல், இன்னொரு டீ வாங்கிக்கொண்டு.

இப்போது கடை சந்தைக்கு எதிரில். இரண்டு சங்கத்துக்காரர்களும் வருகிறார்கள். பெரியகுளத்து வெயிலுக்கு டீ அவ்வளவாக ஓடவில்லை. மோர் ஓடுகிறது.