கம்பு பிடித்த லைல்

எங்கள் ஹெல்மர் ஊர் ஸ்டேடியத்தில் சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் என்றால் எட்டாயிரம் பேர் தொண்டை கிழியக் கத்துவார்கள். அதில் பாதிரியாரும் அடக்கம். அத்தனை பேரில் வாயைத் திறக்காமல் நிற்கிற ஆள் லைல் ஹாகன் ஒருத்தர்தான். கத்த ஆசையில்லாமல் இல்லை. கத்தக் கூடாது, அவ்வளவுதான்.

அவர் கம்பு பிடிக்கிறவர். நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறினால் பந்து உன்னிடமே இருக்கும், இல்லையென்றால் எதிராளிக்குப் போய்விடும். அந்தப் பத்து கெஜத்தைக் காட்ட இரண்டு கம்பு, நடுவில் ஒரு சங்கிலி. பின் கம்பு டயர் கடை ட்வைட்டிடம், முன் கம்பு லைலிடம். இரண்டு பேரையும் அனுப்புவது எங்கள் பல்கலைக்கழகம்தான். ஆனால் நிற்பதோ வெளியூர் அணியின் பக்கம், அவர்கள் பெஞ்சுக்கு முன்னால். கை தட்டக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, அதுதான் விதி. மீறினால் மேலே மாட்டியிருக்கிற மஞ்சள் சட்டையை நடுவர் கழற்றி வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிடுவார்.

ட்வைட் பாடு திண்டாட்டம். நம்ம பையன் பந்தை நழுவ விட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு பூட்ஸ் காலால் புல்லைச் சீய்ப்பார். லைல் அப்படியில்லை. வாரம் முழுக்க கவுன்ட்டி என்கிற மாவட்டச் சாலைத் துறையில் வண்டி ஓட்டுகிறவர். கோடையில் ஜல்லி நிரவுவார், குளிர்காலத்தில் பனி தள்ளுவார். தனியாக உட்கார்ந்து ஓட்டி ஓட்டிப் பேச்சே வற்றிப்போன மனுஷன்.

"உன் மூஞ்சியைப் பார்த்து யாரு ஜெயிக்கிறாங்கன்னு உன் பொண்டாட்டியாலகூடச் சொல்ல முடியாதுய்யா" என்பார் ட்வைட்.

லைலுக்கு அது பாராட்டு. அந்தப் பெருமைதான் அவர் வீட்டில் குழி பறித்தது.

கோரி அவருக்கு ஒரே பிள்ளை. பள்ளியில் படிக்கும்போது அவன் ஓடாத ஓட்டமா! ஆனால் எங்கள் பல்கலைக்கழகத்துப் பெரிய மனிதர்கள் அவனைப் பார்த்துவிட்டு, குள்ளம் என்று ஒதுக்கிவிட்டார்கள். நூறு மைல் தள்ளியிருக்கிற ஆஸ்ட்பிக்காரர்கள் அவனைக் கொத்திக்கொண்டு போனார்கள். ஆஸ்ட்பி என்றாலே எங்களுக்கு ஆகாது. ஊரைச் சுற்றிச் சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு வயல், போட்டு ஆடுகிற சட்டையும் பீட்ரூட் நிறம், அதனால் எங்கள் வாயில் அவர்கள் எப்போதும் 'கிழங்குகள்'. ஹாகன் வீட்டுப் பையன் கிழங்காகிவிட்டான் என்று ஊர் கொஞ்ச நாள் சிரித்து ஓய்ந்தது.

படிப்பின் கடைசி வருஷம் கோரி ஹெல்மரில் ஆட வந்தான். ஆட்டம் முடியப் போகிற நேரம், ஆஸ்ட்பிக்கு நாலாவது முயற்சி, பந்து கோரி கையில். அவன் மேல் ஆள் ஆளாக விழுந்தார்கள். அளந்து பார்க்கலாம் என்றார் நடுவர். லைல் கம்பைத் தூக்கிக்கொண்டு நடு மைதானத்துக்கு ஓடினார். சங்கிலி விறைத்து நின்றது. பந்தின் மூக்கு கம்பை எட்டவில்லை, இடையில் ஒரு விரல் நுழையும். ஸ்டேடியமே எழுந்து குதித்தது. கோரி இன்னும் முட்டி போட்டபடி தரையில் இருந்தான். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். லைல் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பி நடந்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டு வாசலில் வைத்துக் கேட்டான்.

"அளவு சரிதான்ப்பா. நான் அதைச் சொல்லல. ஒரு பார்வை பார்த்திருக்கலாம்ல?"

"விதின்னு ஒண்ணு இருக்கு, கோரி."

"நல்லா இருக்கு உன் விதி! நீயும் அந்தக் கம்பும் ஒண்ணுதான் போ."

உள்ளே வராமலே போய்விட்டான். அவனுக்காக அம்மா மார்லிஸ் சுட்டு வைத்திருந்த கறியும் உருளைக்கிழங்கும் மேஜையிலேயே ஆறிப்போயின.

அதற்கப்புறம் கோரி ஆஸ்ட்பியிலேயே உதவிப் பயிற்சியாளராகிவிட்டான். கல்யாணம் ஆயிற்று, நோரா என்று ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. கல்யாணத்துக்குக்கூட லைல் போகவில்லை. பேத்தியைப் பார்க்க மார்லிஸ் மாதம் தவறாமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

"நீயும் வாயேன் லைல்."

"அவன் கூப்பிடட்டும்."

"அப்பா கேக்கட்டும்ங்கிறான் அவன். ரெண்டையும் ஒரே அச்சுல வார்த்திருக்கான் கடவுள். நடுவுல நான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்."

வீம்பு. வேறு பேர் கிடையாது அதற்கு.

ஆனால் ஒன்று. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ஆஸ்ட்பி அணி ஹெல்மருக்கு வந்தாக வேண்டும். அன்றைக்கு மகன் நிற்கிற இடத்துக்கும் லைல் நிற்கிற இடத்துக்கும் நாலு எட்டுதான். ஆட்டத்துக்கு முன்னால் லைல் கேட்பார்: "ரோடு எப்படி இருந்துச்சு?" கோரி சொல்வான்: "பரவால்ல." பேச்சு அதோடு சரி. பிறகு ஆட்டம் முடிகிற வரைக்கும் மகன் பையன்களை அதட்டுவதை முதுகால் கேட்டுக்கொண்டே நிற்பார். திரும்பும்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். நெற்றி ஏறிவிட்டது. பதற்றம் வந்தால் அம்மாவைப் போலவே காது மடலைப் பிடித்து இழுக்கிறான். அந்த ஒரு மத்தியானத்தை வைத்து அடுத்த இரண்டு வருஷத்தை ஓட்டிவிடுவார் லைல். பாவம், வேறென்ன இருந்தது அவருக்கு?

அதற்கும் வந்தது வேட்டு.

இங்கே பத்துப் பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு கூட்டணி வைத்துக்கொண்டு தங்களுக்குள் ஆடும். நாங்களும் ஆஸ்ட்பியும் தாத்தா காலத்திலிருந்து ஒரே கூட்டணி. இந்த வருஷம் வேறொரு பெரிய கூட்டணி ஹெல்மரைக் கண்ணடித்துக் கூப்பிட்டது. டிவியில் காட்டுவார்களாம், விமானத்தில் போய் ஆடலாமாம், பேர் கேட்டாலே வாயைப் பிளக்கிற அணியெல்லாம் இங்கே வருமாம். ஆஸ்ட்பிக்கு அழைப்பில்லை. பழைய எதிரிகளோடு ஆட அட்டவணையில் இடமிருக்காது என்று பல்கலைக்கழகத் தலைவரே சொல்லிவிட்டார். ஊர் தலைகால் புரியாமல் ஆடியது. வீட்டுக்கு வீடு புல்தரையில் 'மேலே போவோம்' என்று பலகை நட்டார்கள்.

பெர்னிஸின் காப்பிக் கடையில் வேறு பேச்சே இல்லை.

"இனிமே அந்தக் கிழங்குங்க மூஞ்சியில முழிக்க வேண்டாம். விட்டது சனியன்" என்றார் ட்வைட், இலவங்கப்பட்டை ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டபடி.

"நீ என்ன லைல், கல்லு மாதிரி உக்காந்திருக்க? போகலாமா வேணாமா? வாயைத் திறந்து சொல்லேன்" என்றார் பெர்னிஸ்.

"அவனைக் கேக்கறியே! முகத்துல ஈ உக்காந்தாக்கூட அதுக்கும் நடுநிலையா நிப்பான்" என்றார் ட்வைட்.

கடையே சிரித்தது. லைலும் காப்பியைப் பார்த்துச் சிரித்துவைத்தார். ஆஸ்ட்பி வராவிட்டால் கோரி வர மாட்டான். வேறு எந்தச் சாக்கில் அவன் முகத்தைப் பார்ப்பது?

முடிவெடுக்கும் முன் ஊர் மக்களின் கருத்தைக் கேட்கிறோம் என்று பல்கலைக்கழகம் மண்டபத்தில் கூட்டம் போட்டது. ஆளுக்கு இரண்டு நிமிடம். வணிகர் சங்கத்துக்காரர் பேசினார், பழைய ஆட்டக்காரர்கள் பேசினார்கள், எல்லாரும் மேலே மேலே என்று விமானம் மாதிரி கிளம்பினார்கள். திடீரென்று மார்லிஸுக்குப் பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. லைல் எழுந்து மைக்குக்கு முன்னால் போய் நின்றார். இந்த மனுஷன் பேசப் போகிறாரா என்று மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அவர் தொப்பியைக் கழற்றினார். அதைக் கையில் வைத்துச் சுற்றினார். தொண்டையைச் செருமினார்.

"ஆஸ்ட்பிக்குப் போற ரோடு..." என்றார். "ரோடு நல்லாத்தான் இருக்கு. குளிர்காலத்துலயும் நல்லாத்தான் இருக்கும். முதல்ல அந்த ரோட்டுப் பனியைத்தான் நான் தள்ளுறேன். வர்றவங்களுக்கு ஒரு கஷ்டமும் இருக்காது."

தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் மண்டபமே சிரித்தது. எங்கள் பக்கத்து ஆட்களே இப்படித்தான். மனசில் இருப்பது வாய்க்கு வராது. வானிலை வரும், ரோடு வரும். அன்றைக்கு அத்தனை பேருக்கும் அது தெரியும், இருந்தும் சிரித்தோம். மார்லிஸ் மட்டும் சிரிக்கவில்லை. லைலின் முழங்கை மேல் கையை வைத்துக்கொண்டார்.

ஒரு மாணவன் அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டான். 'ரோடு நல்லாத்தான் இருக்கு' என்று நாலு நாள் ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அடுத்த வாரமே கூட்டணி மாறுவதென்று முடிவாயிற்று.

கடைசி ஆட்டம் நவம்பரில், ஹெல்மரில், ஆஸ்ட்பியோடு. மூக்கு கழன்று விழுகிற குளிர். லைல் கம்போடு போய் நின்றார். கிழங்கு நிறக் கோட்டு போட்டுக்கொண்டு கோரி எதிரே வந்தான்.

"ரோடு எப்படி இருந்துச்சு?"

கோரி அப்பாவை ஒரு கணம் பார்த்தான்.

"நல்லாத்தான் இருந்துச்சு."

பரவால்ல என்று சொல்லவில்லை. லைல் அந்த ஒரு வார்த்தையை ஆட்டம் முழுக்க மனசுக்குள் புரட்டிக்கொண்டே நின்றார்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். ஆஸ்ட்பி மூன்று புள்ளி பின்னால். நாலாவது முயற்சி. கோரி காது மடலைப் பிடித்து இழுத்தான். பந்தை வாங்கிய பையன் பொடியன், கோரியின் உயரம்தான் இருப்பான். குனிந்து புகுந்தான். மேலே நாலு பேர் விழுந்தார்கள். அளந்து பார்க்கலாம் என்றார் நடுவர்.

லைல் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். முட்டி இப்போது முன்னைப் போல் இல்லை, மூச்சு வாங்கியது. பின்னால் ட்வைட்டின் கம்பு நின்றது. சங்கிலி விறைத்தது. லைல் குனிந்து பார்த்தார். பந்தின் மூக்கு கம்பைத் தாண்டி ஒரு விரல் அளவு நீட்டிக்கொண்டிருந்தது. நடுவர் கையை முன்னால் நீட்டி, பந்து ஆஸ்ட்பிக்கே என்றார். ஸ்டேடியம் ஐயோ என்று முனகி அடங்கியது.

அந்த அமைதியில் ஒரு குரல் கேட்டது.

"தாண்டிட்டாங்கடா கோரி! தாண்டிட்டாங்கடா, மகனே!"

லைல் ஒரு கையில் கம்பை வைத்துக்கொண்டு இன்னொரு கையை வானத்துக்கு உயர்த்தியிருந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது. ட்வைட் வாயைப் பிளந்து நின்றார். பிறகு எட்டாயிரம் பேரும் ஊளையிட ஆரம்பித்தார்கள். கிழங்கு, கிழங்கு என்று மாணவர்கள் கூவினார்கள்.

நடுவர் பக்கத்தில் வந்தார். "சட்டையைக் குடுத்துடுங்க, லைல்." அவருக்குமே சங்கடம்தான்.

"சரிதான். விதி இருக்கு" என்றார் லைல். மஞ்சள் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார், கம்பையும் கொடுத்தார். வெறும் கையோடு ஓரத்துக்கு நடந்தார். உள்ளே வெறும் ஃபிளானல் சட்டைதான், உடம்பு வெடவெடத்தது. நேராக வெளியே போகிற வழியைப் பார்த்து நடந்தவரின் தோளில் கனமாக ஏதோ விழுந்தது. கிழங்கு நிறக் கோட்டு.

"எங்க போற? இங்கயே நில்லு" என்றான் கோரி.

மிச்ச ஆட்டம் முழுவதும் லைல் ஹாகன் எதிரியின் கோட்டைப் போட்டுக்கொண்டு எதிரியின் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த கத்தலை அங்கேதான் கத்தித் தீர்த்தார். ஆஸ்ட்பி தோற்றது. கடைசி உதை கோல் கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. அது யாருக்கு வேண்டும்?

கூட்டம் கலைந்தது. அணியின் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பையன்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கோரி ஏறவில்லை.

"அப்பா."

"ம்."

"வீட்டுக்கு ரோடு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. வாசல் வரைக்கும் நல்லாத்தான் இருக்கு."

"நான் பஸ்ல போகல. அம்மாகிட்டச் சொல்லியாச்சு, கறி சுட்டு வெச்சிருக்கா." கோரி தரையைப் பார்த்துக்கொண்டு காது மடலை இழுத்தான். "நாளைக்கு என்னை ஆஸ்ட்பியில கொண்டுபோய் விடணும் நீ. நோரா உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கா."

இத்தனை வருஷம் லைல் காத்திருந்த அழைப்பு அது.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார்.